வண்டிக்காரர் பதில்கள்: பத்து பிளை டயர் போட்டால் அதிகம் ஏற்றலாமா?

பள்ளி விடுமுறை நெருங்கினால் எனக்கு வரும் கேள்விகள் எல்லாம் டயர் பக்கம் திரும்பிவிடும். மலேசியாவுக்குப் பாலம் தாண்டும் நேரத்தில்தான் நம்மவர்களுக்கு வண்டிக்குக் கீழே நான்கு டயர் இருப்பதே ஞாபகம் வருகிறது. பரவாயில்லை, இப்போதாவது வருகிறதே. துவாசில் ஒரு கட்டுமான நிறுவனத்தின் வண்டிக் கொட்டகையில் 27 வருடம் டயர் கழற்றி மாட்டிய தைரியத்தில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணே, எனக்குக் கூடாரம், நாற்காலி வாடகைக்கு விடும் தொழில். இரட்டைக் கதவு ஹைலக்ஸ் பிக்கப் வைத்திருக்கிறேன். டயர் 265/65 ஆர்17 112எஸ். நான்கும் தேய்ந்துவிட்டன. வருடத்துக்கு இரண்டு முறை குடும்பத்தோடு மலேசியாவில் காஹாங் வழியாக எண்டாவ் ரோம்பின் காட்டுக்குப் போவதால் இந்தத் தடவை ஆல் டெரெய்ன் (தார்ச்சாலை, மண்பாதை இரண்டுக்குமான டயர்) போட ஆசை. கடைக்காரர், "எல்டி (லைட் டிரக்) டயர் போடுங்க, 120/117, பத்து பிளை, இதைவிட நிறைய ஏத்தலாம்" என்கிறார். அதே கம்பெனியின் அதே மாடலில் 112 எண் உள்ள டயரும் இருக்கிறது, விலையும் குறைவு. எதை எடுப்பது? (உட்லண்ட்ஸ் வாசகர்)

பதில்: தம்பி, 112-ஐ எடுங்கள். ஏன் என்று சொல்வதற்குத்தான் கொஞ்சம் இடம் வேண்டும்.

முதலில் ஒரு சாக்பீஸ் எடுத்துக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் உட்காருங்கள். டயரின் பக்கவாட்டில் மேடாக இருக்கும் எழுத்தின்மேல் சாக்பீஸைப் படுக்க வைத்துத் தேயுங்கள். கறுப்பில் கறுப்பாகக் கிடக்கும் எழுத்தெல்லாம் வெள்ளையாக எழுந்து வரும். கொட்டகையில் புதிதாக வரும் பையன்களுக்கு நான் முதல் நாள் கொடுக்கும் வேலை இதுதான். 265 என்பது அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது அந்த அகலத்தில் 65 விழுக்காடு உயரம். 17 ரிம்மின் அளவு, அங்குலத்தில். இதுவரை எல்லாருக்கும் தெரியும். கண் தாண்டிப் போய்விடுவது அதற்கு அடுத்து வரும் 112எஸ்.

112 என்பது கிலோ அல்ல, ஒரு பட்டியலின் வரிசை எண். அந்தப் பட்டியலில் 100 என்றால் 800 கிலோ, 112 என்றால் 1,120 கிலோ, 116 என்றால் 1,250, 120 என்றால் 1,400. ஒரு டயர் தாங்கும் எடை அது. எஸ் என்ற எழுத்து வேகம், மணிக்கு 180 கிலோமீட்டர். விரைவுச்சாலையில் உங்கள் வண்டிக்கு 70-தான் அனுமதி என்பதால் அந்த எழுத்தைப் பற்றி நீங்கள் கவலைப்பட ஒன்றுமில்லை.

இப்போது கடைக்காரர் சொன்ன கணக்கைப் பார்ப்போம். நான்கு 112 டயர் சேர்ந்து 4,480 கிலோ தாங்கும். உங்கள் வண்டியின் பக்கவாட்டில் எம்எல்டபிள்யூ என்று போட்டு ஓர் எண் இருக்கிறதே, சரக்கோடும் ஆட்களோடும் சேர்த்து வண்டி இருக்கலாம் என்ற உச்ச எடை, அது 3,500-ஐத் தாண்டாது. தாண்டினால் அது இலகு சரக்கு வாகனமே இல்லை. ஆக, இப்போது மாட்டியிருக்கும் டயரே வண்டியைவிட வலுவானது. அதற்கு மேல் 120 போட்டால் டயருக்கு வலு கூடும், சரி. ஸ்பிரிங் வில்லுக்கு? அச்சுக்கு? பிரேக்குக்கு? கதவில் ஒட்டிய எண் அப்படியேதான் இருக்கும். நிறுத்தி எடை போட்டால் அதிகாரி டயரைப் பார்த்துக் கணக்குப் போடமாட்டார். "நிறைய ஏத்தலாம்" என்ற அந்தப் பேச்சை அந்தக் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

பத்து பிளை என்பதும் பழைய காலத்துப் பேச்சு. டயருக்குள் பருத்தி நூல் வைத்துச் செய்த நாளில் எத்தனை அடுக்கு என்று எண்ணி வலுவைச் சொன்னார்கள். பருத்தி போய், இரும்புக் கம்பியும் பாலியெஸ்டரும் வந்து எத்தனையோ காலமாகிவிட்டது. இன்றைக்குப் பத்து பிளை என்று விற்கும் டயரை அறுத்துப் பார்த்தால் பக்கவாட்டில் இரண்டு அடுக்கோ மூன்று அடுக்கோதான் இருக்கும். அந்தப் பத்து, "அந்தக் காலத்துப் பத்து அடுக்குக்குச் சமம்" என்ற மரியாதைப் பெயர். அமெரிக்க முறையில் இதையே எழுத்தாகப் போடுவார்கள்: சி என்றால் ஆறு, டி என்றால் எட்டு, இ என்றால் பத்து.

கடைக்காரர் சொல்லாமல் விட்டது காற்று. அதுதான் இதில் பெரிய விஷயம். டயர் தானாக எடையைத் தாங்குவதில்லை, உள்ளே இருக்கும் காற்றுதான் தாங்குகிறது. டயர் அந்தக் காற்றைப் பிடித்து வைத்திருக்கும் பை. சாதாரண 112 டயர் தன்னுடைய 1,120 கிலோவை ஏறத்தாழ 36 பிஎஸ்ஐ காற்றில் தாங்கிவிடும். எல்டி இ வகை தன்னுடைய 1,400 கிலோவைத் தாங்க 80 பிஎஸ்ஐ வேண்டும். 80! பெட்ரோல் நிலையத்தில் அந்த எண்ணை அழுத்திப் பார்த்திருக்கிறீர்களா? யாரும் அழுத்துவதில்லை. பழைய பழக்கத்தில் கதவு ஓரத்து ஸ்டிக்கரில் இருக்கும் எண்ணையே அடிப்பார்கள். அந்தக் காற்றில் எல்டி டயர் 1,400-ம் தாங்காது, உங்கள் பழைய டயர் தாங்கிய 1,120-ம் தாங்காது. கூடுதல் காசு கொடுத்து வலுவைக் குறைத்துக்கொண்டு வந்த கதையாகிவிடும். எல்டிதான் வேண்டும் என்று பிடிவாதம் இருந்தால், எந்தக் காற்றில் எத்தனை கிலோ என்று டயர் கம்பெனி ஒரு அட்டவணை வைத்திருக்கும், அதைக் கேட்டு வாங்கி, உங்கள் பின் அச்சு எடைக்கு எது பொருந்துகிறதோ அந்தக் காற்றை அடியுங்கள். ஸ்டிக்கரில் இருப்பதைவிட நிச்சயம் கூடத்தான் வரும். ரிம்மும் அந்தக் காற்றைத் தாங்க வேண்டும், அதையும் கேளுங்கள்.

எண் குறைந்தால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். பல வருடத்துக்கு முன் எங்கள் கொட்டகையில் ஒரு பழைய பிக்கப்புக்குப் பின் டயர் இரண்டையும் வெளியே ஒரு கடையில் மாற்றிக்கொண்டு வந்தார்கள். இருந்தது 195 ஆர்14சி, எண் 106. மாட்டி வந்தது 195/70 ஆர்14, கார் டயர், எண் 91. ரிம்மில் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. மறுநாள் காலை பதினெட்டு மூட்டை சிமென்ட் ஏற்றினோம், மூட்டைக்கு 50 கிலோ. வண்டி பின்பக்கம் கொஞ்சம் குனிந்தாற்போல் நின்றது. பாரம் ஏற்றினால் குனியும்தானே என்று நானே கேட்டைத் திறந்து அனுப்பி வைத்தேன். அது பாரத்தினால் மட்டும் வந்த குனிவு அல்ல. புது டயரின் விட்டமே பழையதைவிட நான்கு சென்டிமீட்டர் அளவுக்குக் குறைவு. ஏஒய்இ விரைவுச்சாலையில் கிளமென்டி தாண்டுவதற்குள் இடது பின் டயர் பக்கவாட்டில் வாய் பிளந்துவிட்டது. ஓட்டுநர் அனுபவசாலி, பிரேக்கில் கால் வைக்காமல் ஓரம் கட்டிவிட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது ரப்பர் தொட முடியாத சூட்டில் இருந்தது. அன்றைக்கு ராத்திரி கணக்குப் போட்டேன். மூட்டை 900 கிலோ, பின் அச்சில் வண்டியின் சொந்தப் பாரம் ஒரு 600, ஆக 1,500. பழைய டயர் இரண்டும் 1,900 தாங்கியிருக்கும். புதியது 615-ஆக இரண்டு, 1,230. சிமென்ட் மேல் தப்பில்லை, ஓட்டுநர் மேல் தப்பில்லை. சாக்பீஸ் என் சட்டைப் பையிலேயே இருந்தது, நான்தான் தேய்க்கவில்லை.

அதனால் தம்பி, 112-க்குக் கீழே மட்டும் இறங்காதீர்கள். ஆல் டெரெய்னில் 109, 110 என்று விலை குறைவாக ஏதாவது காட்டினாலும் வேண்டாம். 116 போட்ட எக்ஸ்எல் (கூடுதல் பாரத்துக்கான) வகை கிடைத்தால் உங்கள் தொழிலுக்கு அதுவும் நல்லது. அதுவும் காற்று கொஞ்சம் கூடக் கேட்கும், ஆனால் எல்டி மாதிரி படுத்தாது.

இனி ஆல் டெரெய்ன் தேவையா என்ற கேள்வி. அதை நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். வருடத்தில் 360 நாள் உங்கள் வண்டி பிகேஇ விரைவுச்சாலையிலும் வீவக அடுக்குமாடி கார் நிறுத்துமிடத்திலும்தான் ஓடுகிறது. சிங்கப்பூரில் வருடத்துக்குச் சராசரியாக 171 நாள் மழை. ஆல் டெரெய்னின் பூ, கட்டை கட்டையாக, நடுவில் அகலமான இடைவெளியோடு இருக்கும். (டயரின் வரிப்பள்ளத்தை நாம் பூ என்கிறோம், மலாய்க்காரர்களும் 'புங்ஙா தாயார்' என்று பூவாகத்தான் சொல்கிறார்கள். புதிதாக வந்த ஊழியர் ஒருவர் அதைக் கேட்டுவிட்டு, யார் தாயாருக்குப் பூ என்று என்னிடம் விசாரித்தார்.) அந்தக் கட்டைகள் சேற்றில் பிடிக்கும், கல்லில் பிடிக்கும். ஈரத் தார்ச்சாலையிலோ, ரப்பர் தரையைத் தொடும் இடம் குறைவு, கல் வெட்டாமல் இருக்க ரப்பரையும் கெட்டியாக வைத்திருப்பார்கள், ஆகவே பிரேக் பிடித்தால் சாலை டயரைவிடக் கொஞ்சம் தள்ளித்தான் நிற்கும். எல்டி என்றால் டயருக்கு மூன்று நான்கு கிலோ எடையும் கூடும், டீசலும் அதற்கேற்ப. பின்னால் பாரமில்லாத பிக்கப்பில் விறைப்பான எல்டி டயரைப் போட்டு, மழையில் ஒரு வளைவு எடுத்துப் பாருங்கள், வால் ஆடும். கூடாரம் இறக்கிவிட்டுத் திரும்பும்போதெல்லாம் உங்கள் வண்டி அப்படித்தான் வரும்.

ஆனாலும் காஹாங் பாதை எனக்குத் தெரியும். என் பெரியப்பா குளுவாங் பக்கம் தோட்டத்தில் இருந்தவர். காஹாங்கிலிருந்து காட்டு நுழைவாயிலான கம்போங் பெத்தா வரை ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் தோட்டத்துச் சாலை, செம்மண்ணும் சரளையும். அங்கே டயரைக் கொல்வது சேறு இல்லை, செம்பனை மட்டையின் முள். லாரி ஏறி நசுக்கிய மட்டை பாதி மண்ணுக்குள் புதைந்து கிடக்கும், கண்ணுக்குத் தெரியாது, பக்கவாட்டில் ஏறிவிடும். பக்கவாட்டு ஓட்டையை ஒட்டவே கூடாது, டயரைத் தூக்கிப் போட வேண்டியதுதான். அதற்கு ஆல் டெரெய்ன் ஒரு காப்பு. மாதத்துக்கு ஒருமுறை போகிறவர் என்றால் எல்டியின் தடித்த பக்கவாட்டையே வாங்கச் சொல்லியிருப்பேன். வருடத்துக்கு இரண்டு தடவைக்கு 112 ஆல் டெரெய்ன் போதும். மட்டை கிடக்கும் ஓரத்தில் ஏறாதீர்கள், நடுத்தடத்தில் மெதுவாகப் போங்கள்.

பனிமலை படம் போட்ட முத்திரை ஒன்று சில ஆல் டெரெய்ன் டயரில் இருக்கும், கடைக்காரர் பெருமையாகக் காட்டுவார். மூன்று சிகரமும் ஒரு பனித்துகளும். பனியில் ஓட்டிச் சோதித்த டயர் என்று அர்த்தம். உட்லண்ட்ஸில் பனி பெய்கிற அன்று அதற்குக் காசு கொடுங்கள்.

இரண்டு சின்ன விஷயம். நான்கையும் ஒன்றாக மாற்றுங்கள். முன்னே ஒரு வகை, பின்னே ஒரு வகை என்று விட்டம் மாறினால் நான்கு சக்கர ஓட்டத்தில் போடும்போது உள்ளே கியர்கள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். அப்புறம், 265/70 போட்டால் வண்டி எடுப்பாக இருக்கும் என்று யாராவது சொல்வார்கள். விட்டம் 776 மில்லிமீட்டரிலிருந்து 803-க்குப் போகும், மூன்றரை விழுக்காடு. வேக முள் 70 காட்டும்போது உண்மையில் 72-க்கு மேல் போய்க்கொண்டிருப்பீர்கள். கேமரா முள்ளைப் பார்ப்பதில்லை.

கேள்வி: என் கணவர் சுசுகி ஜிம்னி ஜீப் வாங்கிய நாளிலிருந்து டயர் பைத்தியம் பிடித்து அலைகிறார். கம்பெனி டயர் 195/80 ஆர்15 96எஸ். அதைக் கழற்றிவிட்டு எல்டி 215/75 ஆர்15 100/97 போட வேண்டுமாம், "சேஃப்டி" என்கிறார். நாங்கள் அதிகபட்சம் போவது லிம் சூ காங் பண்ணைக்கு, கீரை வாங்க. உண்மையிலேயே பாதுகாப்பா? (பொங்கோல் வாசகி)

பதில்: கீரைக்கு 96 போதும்மா. ஒரு டயர் 710 கிலோ, நான்கும் 2,840. ஜிம்னி ஆளும் பையுமாக நிறைந்தாலும் 1,435 கிலோதான். பாதி வலு சும்மா இருக்கிறது. இதில் எண்ணை ஏற்றி எந்தப் பாதுகாப்பும் கூடப்போவதில்லை, மழையில் பிரேக் பிடிக்கும் தூரம்தான் கூடும். பிஐஇயில் ஒரு ரீங்காரமும் இலவசமாக வரும், முதல் வாரம் அவருக்குப் பிடிக்கும்.

ஆனால் தப்பான அளவு என்று சொல்லமாட்டேன். விட்டம் ஒரு சென்டிமீட்டர்தான் கூடுகிறது, ஒன்றரை விழுக்காடு. அகலம் இரண்டு சென்டிமீட்டர் கூடும். டயர் வண்டியின் உடம்பைத் தாண்டி வெளியே துருத்தக் கூடாது என்பது இங்கே விதி, பரிசோதனைக்குப் போகும்போது பார்ப்பார்கள். ரிம்மையும் சேர்த்து மாற்றும் எண்ணம் அவருக்கு இருந்தால், இருக்கும் என்றுதான் நினைக்கிறேன், அங்கேதான் மாட்டிக்கொள்வார். அழகுக்காகப் போடுகிறேன் என்று ஒப்புக்கொண்டால் போடட்டும். அழகுக்குச் செலவு செய்வது குற்றமில்லை, அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

கேள்வி: எங்கள் கேட்டரிங் வேனில் 195 ஆர்15சி 106/104 என்று இரண்டு எண் இருக்கிறது. எதை நம்புவது? (ஜூரோங் ஈஸ்ட் வாசகர்)

பதில்: உங்களுக்கு முதல் எண். 106 என்றால் 950 கிலோ, ஒரு பக்கத்துக்கு ஒரே டயர் மாட்டும்போது. 104 என்றால் 900 கிலோ, லாரிக்கு மாட்டுவதுபோல் பின்னால் ஒரு பக்கத்துக்கு இரண்டு டயர் ஜோடியாக மாட்டும்போது. ஜோடியில் இரண்டும் எப்போதும் சரிபாதி சுமக்காது. சாலை சரிந்தால், ஒன்றில் காற்று குறைந்தால், மற்றது கூடச் சுமக்கும், அதனால்தான் குறைத்துப் போடுகிறார்கள். ஆர்15-க்குப் பக்கத்தில் இருக்கும் சி என்ற எழுத்தை மட்டும் தவறவிடாதீர்கள். சரக்கு வண்டி டயர் என்று அர்த்தம். அந்த எழுத்து இல்லாத டயர் மலிவாக வந்தால், மேலே சிமென்ட் மூட்டை கதையை இன்னொரு தடவை படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். பிரியாணி அண்டா நான்கு ஏறினால் அதுவும் சிமென்ட்தான்.

கேள்வி: பிக்கப்பின் ஸ்பேர் டயர் ஆறு வருடமாக அடியில் தொங்குகிறது, ஒருநாள்கூட ஓடவில்லை. பூவில் முள் முள்ளாக ரப்பர்கூட அப்படியே இருக்கிறது. புது நான்கோடு இதை வைத்துக்கொள்ளலாமா? (ஈசூன் வாசகர்)

பதில்: ரப்பருக்கு ஓடினாலும் வயசாகும், தொங்கினாலும் வயசாகும். பூ மட்டும் கணக்கென்றால் 1.6 மில்லிமீட்டர் இருந்தால் சட்டத்துக்குப் போதும், உங்களுடையதில் நிறையவே இருக்கிறது. நீங்கள் பார்க்க வேண்டியது டிஓடி என்ற எழுத்துக்குப் பின்னால் வரும் வரிசையின் கடைசி நான்கு இலக்கம். 3119 என்றால் 2019-ஆம் வருடம் 31-ஆவது வாரம் செய்தது. ஆறு வருடமாகத் தொங்குகிறது என்பது நீங்கள் வாங்கிய கணக்கு, செய்த கணக்கு அதைவிடப் பழையதாக இருக்கலாம். பக்கவாட்டை விரலால் அழுத்தி வளைத்துப் பாருங்கள், தலைமுடி போல வெடிப்பு தெரிந்தால் தூக்கிப் போடுங்கள். வெடிப்பு இல்லாவிட்டாலும் பத்து வருடத்தைத் தாண்டியதை வைத்திருக்க வேண்டாம். புது நான்கும் வேறு அளவு என்றால் பழைய ஸ்பேர் பக்கத்துப் பெட்ரோல் நிலையம் வரை கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் உதவும், கோலாலம்பூர் வரைக்கும் இல்லை.

காற்றையும் பார்த்துவிடுங்கள். காலையில் வண்டி எடுப்பதற்கு முன் பார்ப்பதுதான் கணக்கு. விரைவுச்சாலையில் ஓடி வந்த சூட்டில் பார்த்தால் நான்கைந்து பிஎஸ்ஐ கூடக் காட்டும், கூடுதலாக இருக்கிறதே என்று திறந்துவிட்டுவிடாதீர்கள்.

அப்புறம் ஒன்று. அடியில் தொங்கும் டயரை இறக்கும் அந்தச் சங்கிலியையும் கைப்பிடியையும் யாரும் தொடுவதில்லை. மழைத் தண்ணீரும் சேறும் பட்டுத் துருவேறிச் சிக்கிக்கொள்ளும். யோங் பெங் பக்கம் இரவு பதினொரு மணிக்கு, குழந்தைகள் பின்சீட்டில் தூங்கும்போது அதைத் தட்டித் தட்டிப் பார்த்தவன் நான். ஞாயிற்றுக்கிழமை காலை உங்கள் புளோக்குக்குக் கீழேயே ஒருமுறை இறக்கி, கிரீஸ் தடவி, திரும்ப ஏற்றி வையுங்கள்.